மட்டராஸி: முட்டு வாங்கியவர் மட்டும்தானா?

கேள்வி, 3 ஜூலை 2023, மாலை 6.15

2006 கால்பந்து உலகக்கோப்பை ஃபைனல் வீடியோ நேற்று கண்ணில் பட்டது, பிரான்ஸ் கேப்டன் ஜிடேன் இத்தாலியின் மட்டராஸி நெஞ்சில் தலையால் முட்டிச் சிவப்பு அட்டை வாங்கிய ஆட்டம். என் கருத்து இதுதான்: மட்டராஸி சுமாரான டிஃபென்டர், வாய் மட்டும் பெரிசு. ஜிடேன் முட்டாமல் விட்டிருந்தால் அவர் பெயர் இன்றைக்கு யாருக்கும் தெரிந்திருக்காது. நம்ம சென்னை அணிக்குக் கோச்சாக வந்ததுகூட அந்த முட்டுப் புகழில்தான். இல்லை என்பவர்கள் காரணத்தோடு வாங்க. ஆபிஸ் டீமில் நடு டிஃபென்டராக ஆடிய ஸ்டாப்பர் அண்ணா, குறிப்பாக நீங்கள்.

3 ஜூலை, இரவு 9.50

கூப்பிட்டுவிட்டாய், வருகிறேன் தம்பி. அந்த வீடியோவை 110-வது நிமிடத்திலிருந்து பார்த்திருப்பாய். முதல் நிமிடத்திலிருந்து பார்.

7-வது நிமிடம்: பிரான்சின் மலூடா பாக்ஸுக்குள் விழுகிறார், விழ வைத்தவர் மட்டராஸி என்று நடுவர் பெனால்டி கொடுக்கிறார். ஜிடேன் பந்தைக் கரண்டியால் மொண்டு போடுவதுபோல் போடுகிறார், மேல்கம்பியில் பட்டு உள்ளே விழுகிறது. 19-வது நிமிடம்: பிர்லோ கார்னர் அடிக்கிறார். மட்டராஸி வியேராவுக்கு மேலே எழும்பித் தலையால் அடிக்கிறார், 1-1. 110-ல் என்ன நடந்தது என்பது ஊருக்கே தெரியும். அப்புறம் சமனில் முடிந்த ஆட்டத்தைத் தீர்த்த பெனால்டி ஷூட்அவுட்டில் (இத்தாலிதான் ஜெயித்தது) இத்தாலியின் இரண்டாவது பெனால்டியை எடுத்து உள்ளே போட்டவரும் அவர்தான்.

ஒரே ஃபைனலில் பெனால்டி கொடுத்தவர், கோல் அடித்தவர், எதிரணி கேப்டன் வெளியேறக் காரணமானவர், ஷூட்அவுட்டிலும் தவறாதவர். சுமாரான ஆள் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது.

3 ஜூலை, இரவு 10.05

விட்டுப்போனது. அந்த உலகக்கோப்பையில் இத்தாலிக்கு அதிக கோல் அடித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் லூகா டோனி, 2 கோல். இன்னொருவர் மட்டராஸி, அவரும் 2. நாட்டுக்காக 41 ஆட்டம் ஆடியவர், மொத்தமே அந்த 2 கோல்தான். இரண்டும் அந்த ஒரே மாதத்தில்.

4 ஜூலை, காலை 7.30

ஆபிஸ் கிளம்புவதற்குள் அவர் எங்கிருந்து வந்தார் என்று மட்டும் எழுதிவிடுகிறேன்.

1973-ல் லெச்சேயில் பிறந்தவர். அப்பா ஜியுசெப்பே மட்டராஸி பயிற்சியாளர், லாட்சியோ அணியையும் நடத்தியவர். அப்பாவின் வேலைக்குத் தகுந்தபடி குடும்பம் ஊர் மாறிக்கொண்டே இருந்தது. 15 வயதில் அம்மா இறந்துவிட்டார். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

பயிற்சியாளர் மகன் என்பதால் கதவு தானாகத் திறக்கவில்லை. இன்னொரு பயிற்சியாளர் மகனான இத்தாலி டிஃபென்டர் மால்டீனி 16 வயதில் ஏசி மிலானுக்கு இறங்கினார். இவர் 20 வயதைத் தாண்டிய பிறகும் சிசிலியில் மர்சாலா, ட்ராபனி என்று கீழ் டிவிஷன்களில் ஆடிக்கொண்டிருந்தார். பெருஜியா எடுத்தது, கார்ப்பிக்கு இரவல் அனுப்பியது, திரும்பக் கூப்பிட்டது. 1998-ல் இங்கிலாந்தில் எவர்ட்டன். ஒரே சீசன், மூன்று சிவப்பு அட்டை, மூட்டை கட்டிக்கொண்டு மறுபடி பெருஜியா.

அங்கேதான் ஆச்சரியம். 2000-01 சீசனில் இத்தாலியின் முதல் டிவிஷனான சீரி ஆ லீகில் 12 கோல். டிஃபென்டர் 12 கோல்! அதற்கு முன் அர்ஜென்டினாவின் பசரெல்லா ஃபியொரென்டினாவுக்காக அடித்த 11 கோல்தான் சாதனை. பெனால்டி, ஃப்ரீகிக், கார்னரில் தலை, எல்லாம் சேர்ந்து 12. அதைப் பார்த்துத்தான் இன்டர் மிலான் வாங்கியது. இத்தாலி அணிக்கு முதன்முதலில் ஆடும்போது வயது 27. நம் ஊர் ஆபிஸ் டீம்களில் அந்த வயதில் "இனி ஓட முடியல மச்சான்" என்று ஆரம்பித்துவிடுவோம்.

4 ஜூலை, இரவு 11.20

2006 ஃபைனலை எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். மேல்வீட்டு நண்பன் வீட்டில். நம் நேரப்படி ராத்திரி 11.30-க்கு ஆரம்பித்த ஆட்டம். கூடுதல் நேரம் வருவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். நான் தூங்கவில்லை. ஜிடேன் திரும்பி வந்து நெஞ்சில் முட்டியதைக் கண்ணால் பார்த்தேன், "ஐயோ" என்று கத்தி எல்லோரையும் எழுப்பியது நான்தான். அன்றைக்கு நான் முழுக்க முழுக்க ஜிடேன் கட்சி. அவருக்குக் கடைசி ஆட்டம், அதில் இப்படி ஒரு பாவி வந்து வாய்த்தானே என்று மட்டராஸியைத் திட்டாத கெட்ட வார்த்தை இல்லை.

5 ஜூலை, காலை 6.45

நேற்று எழுதியது தப்பு. தூக்கம் வராமல் முழு ஆட்டத்தின் பதிவையும் போட்டுப் பார்த்தேன். முட்டு நடந்த நேரத்தில் கேமரா அங்கே இல்லவே இல்லை, பந்தின் பின்னால் போய்விட்டது. மட்டராஸி தரையில் கிடப்பதைத்தான் முதலில் காட்டுகிறார்கள். முட்டியதை ரீப்ளேயில்தான் பார்க்கிறோம். ஆக, நான் "ஐயோ" என்றது ரீப்ளேயைப் பார்த்து. 17 வருஷமாக "நேரில் பார்த்தது மாதிரி பார்த்தேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். என் நண்பனும் அப்படித்தான் சொல்கிறான். அவன் அன்றைக்குத் தூங்கிக்கொண்டிருந்தான்.

5 ஜூலை, மதியம் 1.10

கேமராவே பார்க்கவில்லை என்றால் நடுவருக்கு எப்படித் தெரிந்தது? நல்ல கேள்வி. நடுவர் எலிசோண்டோ பார்க்கவில்லை. அவருக்குச் சொன்னது நான்காவது நடுவர், ஸ்பெயினின் மெதினா காந்தலேஹோ.

அதே காந்தலேஹோதான் இரண்டு வாரத்துக்கு முன் கைசர்ஸ்லாட்டர்னில் இத்தாலி-ஆஸ்திரேலியா ஆட்டத்தின் நடுவர். அந்த ஆட்டத்தில் இரண்டாம் பாதி தொடங்கி 5 நிமிடத்தில் நேரடி சிவப்பு அட்டை வாங்கியவர் யார்? நம்ம மட்டராஸி. 10 பேராக ஆடிய இத்தாலி கடைசி நொடிப் பெனால்டியில் தப்பித்தது. அன்றைக்கு இவரை வெளியே அனுப்பிய அதே ஆள், ஃபைனல் நடந்த பெர்லினில் இவருக்காக ஜிடேனை வெளியே அனுப்ப வைத்தார்.

5 ஜூலை, இரவு 10.30

"வாயால் கெட்டவனை எதற்குத் தூக்கிப் பிடிக்கிறீர்கள், உங்களை யாராவது அப்படிப் பேசியிருந்தால் தெரியும்" என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். பேசியிருக்கிறார்கள் சார்.

கம்பெனிகளுக்கு இடையிலான டோர்னமென்ட். அரையிறுதி. நான் ஸ்டாப்பர். எதிரணி ஃபார்வர்டு ஒருவன், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவன், முதல் பாதி முழுக்கக் காதருகில் முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். இரண்டாம் பாதியில் ஒரு கார்னர் நேரம், என் அப்பாவைச் சொல்லி ஒரு வார்த்தை. அப்பா இறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பனியனைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துத் தூக்கிவிட்டேன். ஜிப் வைத்த பனியன், அந்த ஜிப் என் விரலைக் கிழித்தது, இன்னமும் வெள்ளைக் கோடாக இருக்கிறது. எனக்குச் சிவப்பு அட்டை. அவன் சட்டையைச் சரி செய்துகொண்டு சிரித்தான். அதனால் எனக்குத் தெரியாது என்று சொல்லாதீர்கள்.

6 ஜூலை, இரவு 9.15

மட்டராஸி என்னதான் சொன்னார் என்பதற்கு வருவோம், ஆளுக்கு ஒன்று எழுதுகிறீர்கள்.

அவரே பிறகு பலமுறை சொன்னது இது. அவர் ஜிடேனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார். வேண்டுமென்றால் ஆட்டம் முடிந்ததும் சட்டையைத் தருகிறேன் என்று ஜிடேன் ஏளனமாகச் சொன்னார். அதற்கு இவர் ஜிடேனின் அக்காவை இழுத்து அசிங்கமாக ஒன்று சொன்னார். அவ்வளவுதான். அம்மாவைத் திட்டினார் என்று வந்ததை அவர் கடைசி வரை மறுத்தார். 15 வயதில் அம்மாவை இழந்தவன் இன்னொருவன் அம்மாவைச் சொல்ல மாட்டேன் என்பது அவர் வாதம். இனவெறியாகப் பேசினார் என்று எழுதிய மூன்று பிரிட்டிஷ் நாளிதழ்கள் பின்னால் மன்னிப்புக் கேட்டு நஷ்டஈடும் கொடுத்தன.

அக்காவைச் சொன்னால் மட்டும் சரியா என்று கேட்காதீர்கள். சரி இல்லை. ஃபிஃபாவும் சரி இல்லை என்றுதான் அவருக்கு 2 ஆட்டத் தடையும் 5,000 ஸ்விஸ் ஃபிராங்க் அபராதமும் போட்டது. ஜிடேனுக்கு 3 ஆட்டம், 7,500. அடித்தவனுக்கும் பேசியவனுக்கும் இடையே ஒரே ஒரு ஆட்டம்தான் வித்தியாசம்.

அந்தக் காட்சியை அடெல் அப்தெஸ்மெத் என்ற கலைஞர் 5 மீட்டர் உயர வெண்கலச் சிலையாகவே செய்துவிட்டார். 2012-ல் பாரிஸில் பாம்பிடூ மையத்தின் முன்னால் நின்றது. கத்தார்காரர்கள் வாங்கி 2013-ல் தோஹா கடற்கரையில் வைத்தார்கள், எதிர்ப்பு வந்ததும் சில வாரங்களில் எடுத்துவிட்டார்கள். முட்டு வாங்கியதற்குச் சிலை கிடைத்த ஒரே ஆள் இவராகத்தான் இருக்கும்.

7 ஜூலை, காலை 7.00

முதல் நாள் எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அவர் அந்த உலகக்கோப்பைக்கு முதல் பதினொன்றில் ஆடப் போனவர் இல்லை. நெஸ்டா, கன்னவாரோ இருவரும்தான் நடு டிஃபென்ஸ். செக் குடியரசோடு நடந்த ஆட்டத்தில் 17-வது நிமிடம் நெஸ்டாவுக்குக் காயம், மட்டராஸி இறங்கினார், 26-வது நிமிடம் தலையால் கோல். 9 நிமிடம்! அதற்கப்புறம் நெஸ்டா அந்தப் போட்டியில் ஆடவே இல்லை.

7 ஜூலை, காலை 7.20

இதற்கும் முன்கதை உண்டு. 2002 உலகக்கோப்பை, குரோஷியாவோடு ஆட்டம். நெஸ்டாவுக்குக் காயம், மட்டராஸி இறங்கினார். அன்றைக்கு இத்தாலி 2-1 தோற்றது. கடைசி நேரத்தில் அவர் பின்னாலிருந்து தூக்கிப் போட்ட நீளப்பந்து யாரும் தொடாமலே வலைக்குள் போனது. இன்சாகி ஒருவர் சட்டையைப் பிடித்தார் என்று கோலை ரத்து செய்தார்கள்.

நெஸ்டா 1998-லும் உலகக்கோப்பையில் காயம் பட்டவர்தான். பாவம், அவ்வளவு அழகாக ஆடுகிறவர், மூன்று உலகக்கோப்பையிலும் நொண்டிக்கொண்டு வெளியேறினார். அவர் எழுந்த இடத்தில் போய் உட்கார்ந்ததுதான் மட்டராஸியின் சர்வதேச வாழ்க்கை என்றுகூடச் சொல்லலாம்.

7 ஜூலை, இரவு 8.40

நல்லதாகவே எழுதிக்கொண்டு போகிறேன் என்று தம்பி கிண்டல் அடிக்கிறான். கெட்டதையும் எழுதுகிறேன்.

2004 பிப்ரவரியில், இன்டர்-சியேனா ஆட்டம் முடிந்து வீரர்கள் உள்ளே போகும் வழியில் சியேனாவின் புரூனோ சிரில்லோவை மட்டராஸி அடித்தார். அன்றைக்கு அவர் ஆட்டத்திலேயே இல்லை! 2 மாதத் தடை. வாய் கிழிந்த முகத்தோடு சிரில்லோ டிவியில் வந்து பேசினார். இதற்கு எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை.

7 ஜூலை, இரவு 8.55

சிரிக்காதீர்கள். 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது மட்டராஸி சென்னைக்கு வந்தார். புனே அணிக்கு யார் வந்தார் தெரியுமா? சிரில்லோ. அதே புனேயில் இன்னொருவர் ட்ரெசகே, 2006 ஷூட்அவுட்டில் மேல்கம்பியில் அடித்தாரே, அவர். டெல்லியில் டெல் பியரோ, அதே ஷூட்அவுட்டில் போட்டவர். சென்னைக்கு மட்டராஸியே கூட்டி வந்த சில்வெஸ்டர் 2006 பிரான்ஸ் அணியில் இருந்தவர். பழைய பஞ்சாயத்து மொத்தமும் பெட்டி கட்டிக்கொண்டு இங்கே வந்து இறங்கியிருக்கிறது.

8 ஜூலை, காலை 9.30

சனிக்கிழமை, நேரம் இருக்கிறது. 2014 பற்றிக் கேட்டவர்களுக்கு.

நேரு ஸ்டேடியத்தில் கேரளாவோடு நடந்த முதல் ஆட்டத்துக்குப் போயிருந்தேன். எலானோ பெனால்டியில் ஒன்று, மென்டோசா அந்தரத்தில் திரும்பி அடித்த ஒன்று, 2-1. ஆனால் நான் பாதி நேரம் பார்த்தது மட்டராஸியைத்தான். ஆட்டக்காரர், பயிற்சியாளர் இரண்டும் அவரே. 6 அடி 4 அங்குலம், தாடி, கையெல்லாம் பச்சை. கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு பேக் லைனை ஒரு கையால் முன்னே தள்ளுகிறார், இன்னொரு கையால் இழுக்கிறார். பக்கத்து சீட்டுப் பெரியவர், "இவருதானேப்பா முட்டு வாங்கினவரு" என்றார். ஆமாம் என்றேன். "நல்லாத்தான் இருக்காரு" என்றார், நெஞ்சு சரியாகிவிட்டதா என்று பார்க்க வந்தவர் மாதிரி.

அந்த சீசன் லீகில் முதலிடம். அரையிறுதியில் கொச்சியில் 3-0 தோல்வி. டிசம்பர் 16, சென்னையில் இரண்டாவது ஆட்டம், மூன்றையும் திருப்பி அடித்து 3-0. கூடுதல் நேரம். 117-வது நிமிடம் கேரளாவின் பியர்சன் ஒன்று போட்டார். முடிந்தது. பெரியமேட்டிலிருந்து சென்ட்ரல் வரைக்கும் கூட்டத்தில் ஒருத்தரும் பேசவில்லை. கொச்சிக்கார நண்பர் இங்கே இருக்கிறார், அவர் இதற்கு ஒரு மலையாளச் சிரிப்பு போடுவார், போடட்டும்.

8 ஜூலை, காலை 10.10

மறந்தே போனேனே. அந்த சீசன் பாதிக்கு மேல் ஓடிய பிறகு டிஃபென்ஸுக்கு ஆள் தேவைப்பட்டது. மட்டராஸி யாரைக் கூப்பிட்டார்? ஓய்வு பெற்று வீட்டில் இருந்த நெஸ்டாவை. 38 வயது நெஸ்டா மறுபடி பூட்ஸ் மாட்டிக்கொண்டு சென்னைக்கு வந்தார். இரண்டு உலகக்கோப்பையில் இவர் அவருக்காக இறங்கினார், கடைசியில் அவர் இவருக்காக இறங்கினார். நேற்றுக் காலை நெஸ்டாவைப் பற்றி எழுதும்போது இது தோன்றவே இல்லை.

8 ஜூலை, மாலை 5.00

2015. தம்பி, "முட்டுப் புகழில் கோச்" என்றாயே, இதைப் படி.

நவம்பரில் சென்னையின் எஃப்.சி. பட்டியலின் அடியில் கிடந்தது. கோச்சை மாற்று என்று எல்லோரும் எழுதினோம், நானும் எழுதினேன். கடைசி ஆட்டங்களை வரிசையாக வென்று அரையிறுதிக்குள் நுழைந்தார்கள். அதற்குள் டிசம்பர் வெள்ளம். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். நேரு ஸ்டேடியத்தில் ஆட முடியாது என்று 'சொந்த ஊர்' அரையிறுதியைப் புனேயில் வைத்தார்கள். டிசம்பர் 12, கொல்கத்தாவை 3-0. எங்கள் வீட்டில் கரண்ட் வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது, ஈரம் காயாத சுவரில் சாய்ந்துகொண்டு பார்த்தேன். முதுகெல்லாம் சுண்ணாம்பு.

டிசம்பர் 20, கோவாவின் ஃபடோர்டா மைதானத்தில் ஃபைனல், கோவாவோடு கோவாவிலேயே. 87-வது நிமிடம் கோவா 2-1. 90-வது நிமிடம் அவர்கள் கோல்கீப்பர் கட்டிமணி கையில் பட்டே பந்து உள்ளே போனது. காயம்பட்ட நேரத்தில் மென்டோசா. 3-2. அந்த சீசனில் மென்டோசாவுக்கு 13 கோல், தங்க பூட்ஸ் அவருக்குத்தான். வியாசர்பாடி தனபால் கணேஷும் அந்த அணியில் இருந்தார்.

அடுத்த வருஷம் ஏழாவது இடம், 2017-ல் மட்டராஸி கிளம்பிவிட்டார். பெரிய தந்திரக்காரர் என்று சொல்ல மாட்டேன்.

8 ஜூலை, மாலை 5.15

"காயம்பட்ட நேரம்" என்று எழுதியதற்கு மூன்று பேர் சிரித்திருக்கிறீர்கள். இஞ்சுரி டைம்தான். தமிழ்ப்படுத்தப் போய் மாட்டிக்கொண்டேன்.

8 ஜூலை, இரவு 10.00

அவருடைய எந்தப் படத்தை வைத்துக்கொள்வீர்கள் என்று கேட்டால் முட்டுப் படத்தை இல்லை. 2005 ஏப்ரல் 12, ஐரோப்பிய அணிகளின் சாம்பியன்ஸ் லீக், மிலான் டெர்பி, அதாவது ஒரே ஊரின் இன்டரும் ஏசி மிலானும் மோதும் ஆட்டம். இன்டர் ரசிகர்கள் தீப்பந்தங்களை வீசுகிறார்கள், ஒன்று மிலான் கோல்கீப்பர் டிடா தோளில் விழுகிறது. ஆட்டம் நிற்கிறது. மைதானம் முழுக்கச் சிவப்புப் புகை. அதைப் பார்த்துக்கொண்டு மட்டராஸி, எதிரணியின் ரூயி கோஸ்டா தோளில் முழங்கையை ஊன்றியபடி நிற்கிறார். ரெய்ட்டர்ஸின் ரெல்லாண்டினி எடுத்த படம். பஸ் லேட்டானால் தாம்பரத்தில் பக்கத்து ஆள் மேல் சாய்ந்து நிற்போமே, அப்படி. இத்தனைக்கும் ஊரிலேயே பெரிய பகை அந்த இரண்டு அணிக்கும்.

9 ஜூலை, காலை 8.00

இன்றைக்கு அந்த ஃபைனலுக்கு 17 வருஷம்.

இன்டர் நாட்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள். 10 வருஷம், 5 லீக் பட்டம், 2010-ல் சாம்பியன்ஸ் லீகும். கோப்பைக் கணக்கு யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். என் மனதில் நிற்பது வேறு.

2000 மே மாதம் கொட்டும் மழையில் பெருஜியா 1-0 என்று யுவென்டஸைத் தோற்கடித்தது, அதனால் பட்டம் லாட்சியோவுக்குப் போனது. மட்டராஸி அன்றைக்குப் பெருஜியாவில். 2002 மே 5, ரோம். இன்டர் ஜெயித்தால் பட்டம். அதே லாட்சியோ 4-2 என்று தோற்கடித்தது, பட்டம் யுவென்டஸுக்கு. மைதானத்தில் மட்டராஸி அழுதார். 2008-ல் சியேனாவோடு ஜெயித்தால் அன்றே பட்டம். க்ரூஸ் அடிக்க வேண்டிய பெனால்டியைப் பிடுங்கி இவர் அடித்தார், கோல்கீப்பர் பிடித்துவிட்டார். 2-2. ஒரு வாரம் தள்ளிப்போனது. நானும் பெனால்டி பிடுங்கியவன்தான், அதைத் தனியாக எழுத வேண்டியதில்லை.

2010 மே 22, மாட்ரிட்டில் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல். இரண்டு கோலும் அடித்த மிலிட்டோவை வெளியே எடுத்துவிட்டு 92-வது நிமிடம் மட்டராஸியை இறக்கினார் இன்டர் கோச் மொரின்யோ. வயது 36. ராத்திரி மைதானத்துக்கு வெளியே, காரில் ஏறப்போன மொரின்யோ இறங்கி வந்து, சுவரோரம் நின்ற மட்டராஸியைக் கட்டிப்பிடித்து இருவரும் குலுங்கி அழுதார்கள். மொரின்யோ அன்றைக்கு அணியோடு மிலான் நகரத்துக்குத் திரும்பவில்லை. அத்தனை வீரர்களில் கடைசியாக விடை கொடுத்தது இரண்டு நிமிடம் ஆடினவருக்கு.

9 ஜூலை, இரவு 11.45

எழுதாமல் விடலாம் என்று நினைத்தேன். என் சிவப்பு அட்டைக் கதையைப் படித்துவிட்டு அன்றைக்கு எங்கள் அணியில் விங் ஆடியவன் போன் செய்தான். "அதெல்லாம் சரி, முதல் பாதியில அவன்கிட்ட நீ என்ன சொன்ன, அதையும் எழுது" என்றான்.

சொன்னேன். முதலில் வாய் திறந்தது நான்தான். அந்தப் பையன் எங்களைத் தாண்டித் தாண்டிப் போனான், எனக்கு வேகம் போய்விட்டது, கால் எட்டவில்லை. அதனால் வாய். அவன் வீட்டைப் பற்றி, இங்கே எழுத முடியாதது. ஒரு தடவை இல்லை. அவன் முணுமுணுத்தான் என்று எழுதினேனே, அது பதில். அப்பாவைச் சொன்னதும் பதில்தான், என் அப்பா இறந்தது அவனுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

ஸ்டாப்பராக ஆடிய இத்தனை வருஷத்தில் அவன் ஒருத்தன் இல்லை. பேசுவதும் சட்டையைப் பிடிப்பதும் வேலையில் ஒரு பகுதி என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் ரெண்டு பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். 2006-ல் ராத்திரி ரெண்டு மணிக்கு மட்டராஸியை நான் திட்டிய திட்டு ஞாபகம் வருகிறது.

10 ஜூலை, காலை 6.50

தம்பி, "அப்போ நீங்க மட்டராஸி கட்சியா ஜிடேன் கட்சியா" என்று கேட்டிருக்கிறாய். ஆபிஸுக்கு நேரமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டுக்கு வா, உன்னை மார்க் பண்ணுகிறேன். வாயைத் திறக்க மாட்டேன். சட்டையைப் பிடிக்க மாட்டேன் என்று மட்டும் சத்தியம் கேட்காதே.